சொன்னவை

முப்பத்தெட்டு. அரை மணி நேரமாக இதே முப்பத்தெட்டு சதவீதம்தான். நகர்ந்து தொலைத்தால் என்ன? முப்பத்தேழு வரைக்கும் சமர்த்தாக வந்த எண்ணுக்கு இங்கே வந்ததும் என்ன கேடு வந்தது என்று அரசி அந்தத் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள், முறைத்தால் பயந்துகொண்டு நகர்ந்துவிடப்போகிறது பாருங்கள்! ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடை. கீழே சார்ஜர், கேபிள், டோனர் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூவி இழுக்கிறார்கள். மேலே இந்தப் பத்தடி அறையில் ஒரு டேபிள் ஃபேன், ஈயம் பற்றவைத்த வாசனை, டிஸ்க் ரிப்பேர் பார்க்கும் தமீம் பாய், அவர் மேசைமேல் ஒயர் மாட்டிக் கிடக்கிற இல்லத்து ஹார்ட் டிஸ்க். "பாய், நின்னுபோச்சா?" என்றாள் நாலாவது தடவையாக. "நிக்கலம்மா. முட்டிட்டிருக்கு. படிக்க முடியாத எடம் வந்தா திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கும். கெடைச்சா இந்தப் புது டிஸ்க்ல எழுதிக்கும், கெடைக்கலேன்னா தாண்டிப் போவும். நீங்க போயி சாப்ட்டு வாங்க, இது சாயங்காலம் ஆவும்." சாப்பிடுவதாம். மங்கையர்க்கரசி என்ற முழுப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது; இல்லத்தில் எல்லோருக்கும் அரசியக்கா. புத்தி பேதலித்துத் தெருவில் அலைந்தவர்களைக் கூட்டிவந்து வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் அது, செங்குன்றம் தாண்டி இருக்கிறது. அவர்களைப் பற்றிய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பதினோரு வருஷமாக அரசியின் வேலை. திங்கட்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டர் பல்லி மாதிரி டிக் டிக்கென்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. இன்று புதன். பெரியாஸ்பத்திரியில் பூரணி கிடக்கிறாள், வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூரணிக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்த மகளின் பெயரும் ஊரும் இந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதுவோ முப்பத்தெட்டில் நின்றுகொண்டு அழிச்சாட்டியம் பண்ணுகிறது.

பதிவில் பெயர், தோராய வயது, கிடைத்த இடம், உடம்பிலுள்ள அடையாளம் என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாக ஒரு கட்டம்: 'சொன்னவை'. அதை வைக்கச் சொன்னதே அரசிதான். இல்லத்தை நடத்துகிற டாக்டர் வசுமதி முதலில் சிரித்தார், "அவங்க சொல்றதுல எதை அரசி எழுதுவீங்க?" என்று. எல்லாத்தையும் மேடம், என்றாள் இவள். எதுவும் சும்மா வருவதில்லை, எங்கேயோ வீட்டில் புழங்கிய வார்த்தைதானே வாயில் வரும்? ஒரு மனுஷர் எந்நேரமும் பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். ரைஸ் மில், பள்ளிக்கூடம், புளியமரம், சர்ச், பாலம். கண்டக்டர் குரலிலேயே சொல்வார், நடுவில் உள்ளே போ உள்ளே போ என்று அதட்டல் வேறு. இவள் ஏழு மாதம் எழுதினாள். தேடிப்போகிற வேலைக்கென்று அப்போது இருந்த ஆள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று ஜில்லா சுற்றினான். பாலத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி விசாரித்தால் அவர் தம்பி வீடு. இன்னொருத்தி அடுப்பை அணைச்சிட்டியா, அடுப்பை அணைச்சிட்டியா என்று ஆறு வருஷம் கேட்டாள், அதை வைத்து என்ன செய்வது, ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆனாலும் எழுதினாள், ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதினாள். அவள் செத்த அன்றைக்குத்தான் அந்த வரி நின்றது. அரசிக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். என் டேபிளுக்கு வந்த வார்த்தை தொலையாது என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்வாள். நல்லா சொன்னே போ, என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள். நாற்பத்தொன்று. அட, எப்போது தாண்டியது? பார்த்துக்கொண்டே இருந்தாள், தாண்டியதைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பதும் நாற்பதும் ஒழுங்காக வந்ததா, இல்லை படிக்க முடியாமல் தாண்டிவிட்டதா? தாண்டியதில் பூரணி இருந்தால்? கேட்கப் பயமாக இருந்தது. பாய் வேறொரு டிஸ்க்கைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூரணி அவள் பெயரில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இருந்து அவளைக் கூட்டிவந்தபோது பௌர்ணமி, அதனால் வசுமதி மேடம் வைத்த பெயர். வந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள், முறத்தைக் கையில் கொடுத்தால் பொழுது முழுக்கப் புடைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. 614-ஆம் பதிவில் அந்தக் கட்டம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. பொங்கல் முடிந்த மறு செவ்வாய். வராந்தாவில் ஒரு கூடை மொச்சையைக் கொட்டி வைத்து நாலைந்து பேர் உரித்துக்கொண்டிருந்தார்கள், அரசி அந்தப் பக்கமாகப் போனாள், சும்மா ஒரு கை உரித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தாள். "இப்படிப் பிதுக்கினா நசுங்கிப் போவும், நுனியைக் கிள்ளிட்டு இழு" என்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தால் பூரணி! நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிறவள் மாதிரி, குழாயடியில் நிற்கிற பொம்பளை மாதிரி, அவ்வளவு இயல்பாக. அரசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து மொச்சையைப் பார்த்தபடியே ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் இருக்குமா, இருக்கும். ஊரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், தெருமுனையில் என்ன கடை என்று சொன்னாள், மகள் பேரைச் சொன்னாள், மகளுக்கு முடி இம்மாம் நீளம் என்று முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து காட்டினாள், வாரிவிடும்போது சண்டைக்கு வருவாள் என்று சொல்லிச் சிரித்தாள். கடைசியாக இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவளை ஒரு தடவை பார்க்கணும்" என்றாள். "கூட்டியாரேன்மா, கண்டிப்பா கூட்டியாரேன்" என்று இவளும் சொன்னாள். அதன் பிறகு பூரணி வாயைத் திறக்கவே இல்லை. ஆறு மாதம், அவள் கண் அரசியைக் காணும்போதெல்லாம் கேட் பக்கம் போய்விட்டு வரும்.

அந்தப் பேர் என்ன? அதைத்தானே திங்கட்கிழமையிலிருந்து குடைந்துகொண்டிருக்கிறாள். சாவித்திரியா, இல்லை. சரோஜா, இல்லை, அந்தக் காலத்துப் பெயர் இல்லை அது. 'ச'வில் ஆரம்பிக்கிறதா என்பதே சந்தேகம். பேரைக் கேட்டதும் நல்ல பேர் என்று மனசுக்குள் நினைத்தது நினைவிருக்கிறது. நினைத்தது இருக்கிறது, பேர் இல்லை. என்ன புத்தி இது! மொச்சைத்தோல் நகத்தில் ஏறிக் காந்தியது நினைவிருக்கிறது, பூரணியின் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது நினைவிருக்கிறது, அவளுடைய புடவையில் பச்சைக் கட்டம். ஊர்ப் பேரில் ஒரு 'பட்டி' வருமோ. பட்டி வராத ஊர் எது? இல்லை, 'குறிச்சி'. ஆமாம் குறிச்சி. குறிச்சிதானா, இல்லை நேற்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது போர்டில் பார்த்த குறிச்சியா? நினைக்க நினைக்க இருந்ததும் கரைகிறது. கையில் இருந்த நாலு எழுத்தை இவளே தேய்த்துத் தேய்த்து அழித்துக்கொண்டிருக்கிறாளோ என்று தோன்ற, சட்டென்று நினைப்பதை நிறுத்தினாள். நிறுத்தினால் நிற்கிறதா அது! சந்திரா. சகுந்தலா. சாந்தா. போன் அடித்தது. வசுமதி மேடம், ஆஸ்பத்திரியிலிருந்து. "எவ்வளவு ஆச்சு அரசி?" "நாப்பத்தஞ்சு மேடம்." "வந்துருமா?" "வந்துரும்னுதான் சொல்றாரு." "இங்க மூச்சு கொஞ்சம் ஏத்த இறக்கமா இருக்கு. பேர் கிடைச்ச உடனே எனக்கு போன் பண்ணுங்க, அந்த ஊர் ஸ்டேஷன்ல சொல்லி ஒரு மணி நேரத்துல ஆளைப் பிடிச்சிடலாம். கார் வச்சுக் கூட்டியாந்துடலாம்." மேடம் கோபப்படுவதே இல்லை. ஒரு வார்த்தை திட்டினால் தேவலை. திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னபோதுகூட, "பேக்கப் இருக்குமே அரசி?" என்று எவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டார்.

இருக்குமே. இருந்தது. அந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? பேக்கப்புக்கென்று தனியாக ஒரு டிஸ்க் உண்டு, கறுப்பு, உள்ளங்கை அகலம். கம்ப்யூட்டரின் பின்னால் சொருகி இருக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், காலையில் வந்தால் திரையில் ஒரு பச்சை டிக் இருக்கும். போன ஆயுத பூஜைக்கு அரசி ஆபீஸ் அறையைக் கழுவித் துடைத்தாள். சமையற்கட்டு அரிவாள்மனை, தோட்டத்து மண்வெட்டி, டாக்டர் மேடத்தின் ஸ்டெதஸ்கோப் எல்லாம் பலகையில் ஏறின. என் ஆயுதம் எது என்று யோசித்தாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? இந்த டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியையும் சொருகினாள். அத்தனை பேரின் வார்த்தையும் இதுக்குள்ளேதானே இருக்கு, இதுக்கு வைக்காமல் எதுக்கு வைக்கிறது என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாள்கூட. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் புழங்க வேண்டும். மறுநாள் பொரியும் கடலையும் பங்கு போட்டு நூற்றிருபது பேருக்குக் கொடுப்பதற்குள் பொழுது போயிற்று. பலகையை ஒழித்தவர்கள் டிஸ்க்கைப் பூவோடு எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டார்கள். பத்திரமாக! ஒன்பது மாதம் அது அங்கேயே இருந்தது. பச்சை டிக் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது. எப்படி வந்தது என்று திங்கட்கிழமை கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன் ஒருவன் போனில் விளக்கினான்: டிஸ்க் இல்லையென்றதும் அந்த மெஷின் அதே பேரில் தன் வயிற்றுக்குள்ளேயே ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டு அதிலே நகல் எடுத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த டிஸ்க்கில் ஆயுத பூஜை வரைக்கும் எல்லாம் இருக்கிறது, ஒரு எழுத்து குறையவில்லை. பூரணி பேசியது தை மாதம். குங்குமம் காய்ந்து டிஸ்க்கின் வாயில் உதிர்ந்து கிடந்ததைத் திங்கட்கிழமை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்து அழுதாள். துடைத்தால் தை மாதம் உள்ளே வந்துவிடுமா?

சரி, அதையாவது சாமி காரியம் என்று மன்னித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையை எதில் சேர்ப்பது? சனிக்கிழமை சாயங்காலம் பூரணி தட்டை வைத்துவிட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்கேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கே இல்லத்துக்குப் போய்ப் பதிவைத் திறந்திருந்தால் அப்போது மெஷின் உயிரோடுதானே இருந்தது? அரை நிமிஷ வேலை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆடி ஞாயிறு, தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம் என்று ஒப்புக்கொண்டாயிற்று, திங்கள் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவிடலாம் என்றிருந்தாள். ஞாயிறு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததில் போச்சு. தேடுகிற ஆளாவது இருந்திருந்தால் பிப்ரவரியிலேயே எடுத்துப் பார்த்திருப்பான்; அவன் ஜனவரி கடைசியில் வேறு வேலை கிடைத்துப் போனான், புது ஆள் போன மாதம்தான் வந்தான், அவன் ஒன்றாம் நம்பரிலிருந்து படித்துக்கொண்டு வருகிறான், நானூறைத் தாண்டவில்லை பாவம். அவன் மேல் என்ன குற்றம்? எடுத்துச் சொல்ல வேண்டியவள் இவள். ஆறு மாதமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது நினைப்பாள், பூரணி விஷயத்தைப் பேச வேண்டும் என்று. பதிவில் இருக்கிறதே, எங்கே போய்விடும் என்று விட்டுவிடுவாள். ஏறியாச்சு என்ற நினைப்பு இருக்கிறதே, அதைப்போல ஆளைத் தூங்க வைக்கிற மருந்து வேறு இல்லை. ஏற்றி முடித்ததை மனசு உடனே கழற்றி எறிந்துவிடுகிறது. "டீ குடிங்கம்மா" என்று பாய் ஒரு கண்ணாடி கிளாஸை நகர்த்தினார். அறுபத்திரண்டு. "இங்க வர்றவங்க எல்லாம் இப்படித்தான்மா, ஸ்கிரீனையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. போன வாரம் ஒருத்தர், செத்துப்போன வீட்டுக்காரம்மாவோட குரல் ஒரு போன்ல இருக்குன்னு வந்தாரு. ரெண்டு நாள் உக்காந்தாரு." "கிடைச்சுதா?" "பாதி கெடைச்சுது." எந்தப் பாதி என்று அரசி கேட்கவில்லை. கேட்டால் அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும். டீ சர்க்கரையாக இனித்தது, ஒரு மடக்குக்கு மேல் முடியவில்லை.

ஏற்றியது நினைவிருக்கிறதா என்று திடீரென்று ஒரு கேள்வி வந்தது. எங்கிருந்து வந்ததோ! இருக்கிறது, ஏன் இல்லை? மொச்சைக் கூடையை விட்டு எழுந்து நேரே ஆபீஸ் அறைக்குத்தான் ஓடினாள். ஃபேனைப் போட்டாள். 614 என்று அடித்தாள், பூரணியின் போட்டோ வந்தது, மொட்டைத் தலையோடு வந்த நாளில் எடுத்தது. அந்தக் கட்டத்துக்குள் போய் க்ளிக் செய்தாள். நாலு வருஷத்துக் காலிக் கட்டம், அதில் கோடு ஒன்று மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அடித்தாள். விரல் ஓடியது தெரிகிறது, கீபோர்டில் 'ந' விசை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அதை இரண்டு தடவை தட்டியதுகூடத் தெரிகிறது. அப்புறம் வேன் ஹாரன். ஐந்தரை வேன். அதை விட்டால் செங்குன்றத்துக்கு நடந்துதான் போக வேண்டும். அன்றைக்கு ஓசூரில் இருக்கிற இவள் மகள் கயல்விழி ஆறரைக்கு வீடியோ காலில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம், மேனேஜர் எரிந்து விழுகிறான் என்று காலையில் போனிலேயே அழுதுவிட்டு, சாயங்காலம் பேசுகிறேன்மா என்று வைத்திருந்தாள். பிள்ளை காத்துக்கொண்டிருப்பாளே என்று மனசு பறந்தது. டிரைவர் இரண்டாவது ஹாரன் அடித்தான். சேவ் பண்ணினாள். பண்ணினாளா? பண்ணினாள், பச்சையாக ஒரு கீற்று வந்து போனது. மறுநாள் லீவு, தலைவலியோ என்னவோ, இல்லை பல் டாக்டர். அதற்கு மறுநாள் வந்ததும் புதிதாக மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆனால் அந்தச் செவ்வாய் அடித்தாளே, அடித்தது நிச்சயம். அப்படியானால் அந்தப் பேரை அடித்த விரலுக்காவது நினைவிருக்க வேண்டாமா? முதல் எழுத்துக்கு எந்த விசை? மடிமேல் விரலை வைத்து அடித்துப் பார்த்தாள். விரல் நகரவில்லை. 'ந' மட்டும் இரண்டு தடவை தட்டிற்று. நந்தினியா? நளினியா? நர்மதா? இல்லை, இருக்கும், டிஸ்க்கில் இருக்கும், ஆண்டவனே இருக்க வேண்டும். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. இப்போது பார்த்து விரட்டிக்கொண்டு போனது. ஏனோ கொஞ்சம் மெதுவாகப் போகலாமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை யாரிடமும் சொல்ல முடியாது.

நாலரைக்கு முடிந்தது. "அல்லாவே பார்த்துட்டான்மா!" என்று பாய் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். "மொத்தமே எட்டு எடம்தான் போயிருக்கு. எட்டும் காலி எடம். உங்க ஃபைல்ல ஒரு கீறல் இல்ல. தொறந்து பார்த்துக்குங்க." கீபோர்டை இவள் பக்கம் தள்ளினார். இல்லத்தின் பதிவுப் பக்கம் திறந்தது, அதே வெளிர்நீலம், அதே கட்டங்கள், ஏதோ ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி. அரசி நேரே 614-க்குப் போகவில்லை. 940 என்று அடித்தாள். வைகாசியில் வந்த கிழவர், கழுகுமலைக்கு டிக்கெட் குடு என்றது, இருந்தது. 921, மாசியில் வந்த பெண், தாலாட்டு மாதிரி ஒரு முனகல் என்று எழுதியது, இருந்தது. ஒன்பது மாதத்தில் வந்த அத்தனை பேரும் இருந்தார்கள், அவள் எழுதிய அத்தனையும் எழுதியபடியே இருந்தன. 614. மொட்டைத் தலைப் போட்டோ. கீழே, கீழே, கட்டம். அதில் ஒரே ஒரு பதிவு. தேதி 20-01. 'இன்று நிறைய பேசினார். மகள் இருக்கிறாள். ஊர், தெரு, மகள் பேர் எல்லாம் சொன்னார். விவரம் நாளை ஏற்றுகிறேன். அரசி.' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மௌஸை உருட்டினாள். ஒன்றுமில்லை. பாயிடம், "இதுக்குக் கீழ ஏதாச்சும் போயிருக்குமா பாய், அந்த எட்டு எடத்துல?" என்று கேட்டாள். அவர் எட்டிப் பார்த்து, ஏதோ நம்பரெல்லாம் திறந்து, நிதானமாகச் சரிபார்த்து, "இல்லம்மா, இந்தப் பதிவு முழுசா இருக்கு. எழுதுனது இவ்ளோதான்" என்றார். எழுதினது இவ்வளவுதான். அந்தப் பேர் டிஸ்க்கில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆயுத பூஜை ஒன்றும் செய்யவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யவில்லை, கரண்ட் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓடிப்போய்த் திறந்திருந்தாலும் இதே நாலு வரிதான் இருந்திருக்கும். நாலு வருஷம் வாயைத் திறக்காதவள் திறந்து சொன்னதை நாளைக்கு என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சத்தமாகவே வந்துவிட்டது. "அழுங்கம்மா, அழுங்க, கெடைச்ச சந்தோஷத்துல எல்லாரும் இங்க அழுவாங்க" என்று பாய் ஃபேனை இவள் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல மனுஷன். அவரிடம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

வசுமதி மேடத்துக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். "வந்துருச்சா அரசி?" "வந்துருச்சு மேடம். எல்லாம் இருக்கு, ஒண்ணுகூடப் போகல." "அப்பாடா! சொல்லுங்க, எழுதிக்கிறேன். பேர் என்ன?" அரசி சுவரைப் பார்த்தாள். டிஸ்க் மேலே பழியைப் போடலாம், அந்த இடம் மட்டும் படிக்க முடியவில்லை மேடம் என்று ஒரு வார்த்தை, யாருக்கும் தெரியப்போவதில்லை, மேடமே ஆறுதல் சொல்வார். ஒரு கணம் அப்படித்தான் சொல்லிவிடுவாளோ என்று தனக்கே பயமாக இருந்தது. "பேர் இல்ல மேடம். நான் எழுதல. நாளைக்கு எழுதறேன்னு எழுதி வச்சிருக்கேன்." வார்டில் யாரோ இருமுவது கேட்டது. "சரி" என்றார் மேடம் கடைசியில். குரல் மாறியிருந்தது, கோபமில்லை, களைப்பு. "நீங்க இங்க வாங்க. முழிச்சிருக்காங்க. மத்தியானத்திலிருந்து வாசலையேதான் பார்த்துட்டிருக்காங்க. கூட யாராச்சும் இருக்கணும்." வருகிறேன் என்றாள். புது டிஸ்க்கையும் பழைய டிஸ்க்கையும் பாய் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார், இதைப் பத்திரமா ரெண்டு காப்பி எடுத்து வச்சுக்குங்கம்மா, ஒண்ண வேற எடத்துல வைங்க என்றார். படியிறங்கித் தெருவுக்கு வந்தால் அதே கூச்சல், அதே கூட்டம். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அந்த வாசலில் இவள் போய் நிற்க வேண்டும். பார்த்ததும் அந்தக் கண் முதலில் இவள் முகத்துக்கு வரும், அப்புறம் இவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தேடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கால் போகவில்லை. போகாமல் இருக்கவும் முடியாது. ஒரு ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்திப் பெரியாஸ்பத்திரி என்றாள். அழுத முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பார் போல, "யாருக்கும்மா உடம்பு முடியல? அம்மாவுக்கா?" என்று டிரைவர் கேட்டார். "ஒரு பொண்ணோட அம்மாவுக்கு" என்றாள் அரசி. "அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும். சொல்ல முடியாமப் பண்ணிட்டேன்."